எழுத்தாளரையும் துறை அறிந்தவரையும் வானொலியில் மனந்திறந்து கதைக்க வைப்பது எப்படி?

குளக்கட்டு வாசகி (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிராமங்களுள் ஒன்றில் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையைப் பொறுப்பாகப் பார்த்து வருகிறேன். எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய இணைய வானொலியில், சனிக்கிழமை இரவு 8 மணி தொடக்கம் ஒரு மணி நேரத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருவரை அழைத்து, அவர் நன்றாக அறிந்த ஒரு விடயத்தைப் பற்றி ஆறுதலாகக் கதைப்பதே திட்டம். ஒரு வாரம் சிறுகதை எழுத்தாளர், அடுத்த வாரம் விவசாயப் போதனாசிரியர், பிறகு காணிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி, அதன் பிறகு பழைய நாணயங்களைச் சேகரிப்பவர் என்று விடயங்கள் மாறி மாறி வர வேண்டும் என்று விரும்பினேன். வாசிகசாலைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் ஒரு நாள் நாவலும் மறுநாள் மாடு வளர்ப்புக் கையேடும் எடுத்துச் செல்கிறார்கள்.

இதுவரை நான்கு நிகழ்ச்சிகள் செய்துவிட்டேன். சட்டத்தரணியும் நாணயச் சேகரிப்பாளரும் நன்றாகவே கதைத்தார்கள். மற்ற இரண்டும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

விவசாயப் போதனாசிரியர் ஒலிப்பதிவுக்கு முன்பு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சி விழுந்த வயலை எப்படி அறிவது என்று எனக்குச் சொன்னார். வரம்பில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும் என்றும், உள்ளே இறங்கிப் பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பார்த்தால்தான் தத்திகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும் என்றும் கைகளால் விலக்கிக் காட்டியே சொன்னார். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிவாங்கி முன் அமர்ந்ததும் அதே மனிதர் பையிலிருந்து ஒன்பது பக்கங்களை எடுத்து, "நெற்செய்கையில் பீடை முகாமைத்துவம் என்பது பல்வேறு காரணிகளை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த அணுகுமுறையாகும்" என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். குசினிக்குள் வேலை செய்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, பன்னிரண்டாவது நிமிடத்தில் கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டதாகப் பின்னர் சொன்னார்.

எழுத்தாளருடன் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. "உங்கள் படைப்புகளின் நோக்கம் என்ன?" என்று கேட்டேன். "மனிதத்தைப் பேசுவது" என்றார். "எழுத்துலகிற்கு எவ்வாறு வந்தீர்கள்?" என்று கேட்டேன். "வாசிப்பினால்" என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அவருடைய தொகுப்பில் இரண்டு கதைகளை மட்டுமே நான் வாசித்துவிட்டுப் போயிருந்தேன் என்பதையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவது நல்லதா? நேரலையாகச் செய்வதா, ஒலிப்பதிவு செய்து வெட்டித் தொகுப்பதா? நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை இடையில் எடுக்கலாமா? இன்னொன்றும் இருக்கிறது. இந்த மண்ணில் எழுதுகிற எவரை அழைத்தாலும் கதை 2009ஆம் ஆண்டுக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. அதைக் கேட்பதா, விடுவதா, கேட்பதென்றால் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒலிவாங்கி (வவுனியா) எழுதிய மறுமொழி:

வணக்கம் தங்கச்சி. நீண்ட காலம் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளிலும் விருந்தினர்மேல் பிழை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போதனாசிரியர் தாளை எடுத்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. நம் நாட்டிலும் இந்தியாவிலும் வானொலிப் பேச்சு என்பது நெடுங்காலம் எழுதி வாசிக்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. பேச்சாளர் உரையை முன்கூட்டியே எழுதி ஒப்படைப்பார். நிலையத்தார் அதைப் பார்த்து நேரத்தை அளந்து ஒப்புதல் தந்த பிறகே அவர் கலையகத்துக்குள் போவார். வானொலி என்றாலே தாள் என்ற எண்ணம் அப்படித்தான் படித்தவர்களிடையே ஊறியது. ஆயினும் அந்தக் காலத்திலேயே எழுத்துத் தமிழ் வேறு, காதுக்கான தமிழ் வேறு என்பதை உணர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ப் பகுதியில் பணியாற்றியவரும், பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் "தமிழோசை" என்று பெயர் சூட்டியவருமான சோ. சிவபாதசுந்தரம் இந்தக் கலைக்கென்றே 1950களில் தமிழில் ஒரு நூல் எழுதினார். உங்கள் வாசிகசாலைக்குத் தேடி வாங்குங்கள்.

தாளை விருந்தினரின் கையிலிருந்து பறிக்க வேண்டாம். அது அவருக்குத் துணிவு தரும் பொருள். அதை மடித்து மேசைமேல் வைத்துக்கொள்ளும்படியும், எண்ணிக்கையோ மருந்தின் பெயரோ மறந்துபோனால் மட்டும் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லுங்கள். பிறகு தாளில் விடை எழுதப்படாத ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். "பீடைக் கட்டுப்பாடு பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் ஒன்பது பக்கத்தையும்தான் சொல்வார். "நீங்கள் கடைசியாக இறங்கிப் பார்த்த வயலில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால் அவர் அந்த வயலுக்குள் திரும்பப் போயே ஆக வேண்டும். தேநீர் குடித்தபோது உங்களுக்குக் கிடைத்தது அந்த விடைதான். அது ஒலிவாங்கி இல்லாத இடத்தில் கிடைத்துவிட்டதால் வீணாகிவிட்டது. இனிமேல் ஒலிப்பதிவுக்கு முன்பு விருந்தினருடன் மழையைப் பற்றியும் பாதையைப் பற்றியும் கதையுங்கள். விடயத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் கதைக்காதீர்கள். நல்ல விடை முதல் தடவை சொல்லப்படும்போது இருக்கும் சூடு இரண்டாவது தடவையில் இருப்பதில்லை.

எழுத்தாளருக்கு வருவோம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஸ்ரட்ஸ் ரேர்க்கல் என்பவர் 1952 முதல் 1997 வரை ஒரே வானொலி நிலையத்தில் எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், அறிஞர்கள், சாதாரண தொழிலாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோருடன் உரையாடினார். எழுத்தாளர் வரும் நாளில் அவருடைய நூலை அடிக்கோடும் ஓரக்குறிப்புமாக நிரப்பிக்கொண்டு போய் அமர்வது அவருடைய வழக்கம். கலிபோர்னியாவில் 1989 தொடக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூல் நிகழ்ச்சி நடத்திய மைக்கல் சில்வர்பிளாற் என்பவரும், வந்திருப்பவரின் புதிய நூலை மட்டுமல்லாமல் முன்னைய நூல்களையும் வாசித்துவிட்டே கேள்வி கேட்பார். தன் எழுத்தை எதிரே இருப்பவர் முழுமையாக வாசித்திருக்கிறார் என்று அறிந்த கணத்தில் எழுத்தாளரின் இருப்பே மாறிவிடுகிறது. "உங்கள் படைப்புகளின் நோக்கம் என்ன?" என்ற கேள்வியை நூலைத் தொடாதவரும் கேட்கலாம், ஆகவே அவரும் நூலைத் தொடாமலே விடை சொல்லிவிட்டார். "அந்தக் கதையில் தாய் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். கதையை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டிருந்தால், "வாசிப்பினால்" என்ற ஒற்றைச் சொல்லால் அவர் தப்பியிருக்க முடியாது.

கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கவும் பழகுங்கள். புதியவர்கள் இரண்டு விநாடி அமைதியைக் கண்டதும் பயந்து, அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு விநாடியில் விருந்தினர் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருக்கலாம். மனப்பாடமாக வைத்திருந்த விடை முடிந்து, மெய்யான விடை அதற்குப் பிறகே வரும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தலையை அசையுங்கள், "ஓம், ஓம்" என்று வாயால் சொல்லாதீர்கள், அது பதிவில் விருந்தினரின் சொற்களின் மேல் ஏறி விழும்.

நேரலையா ஒலிப்பதிவா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் மெல்வின் பிராக் 1998இல் தொடங்கிய நிகழ்ச்சி, ஒரே ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு மூன்று பல்கலைக்கழக அறிஞர்களை முக்கால் மணி நேரம் கதைக்க வைப்பது. அது பல ஆண்டுகள் நேரலையாகவே போனது. ஆனால் அவருக்குப் பின்னால் ஆய்வுக்கும் தயாரிப்புக்கும் ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் தனியாள். ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் கதைத்து ஐம்பது நிமிடம் எடுங்கள். வெட்டும்போது தடுமாற்றம் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டாம். ஒருவர் சொல்லத் தயங்கியதும் அவர் சொன்னதின் ஒரு பகுதிதான்.

ஒலிப்பதிவு பற்றிச் சில சொற்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையின் கீழ் மழை நாளில் பதிவு செய்யாதீர்கள். வெறுஞ்சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும் என்பதால் பாயும் மெத்தையும் சுவரோரம் நிறுத்துங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கதைத்து முடிந்ததும் அதே அறையில் ஒரு நிமிடம் எவரும் பேசாமல் வெறும் அமைதியைப் பதிந்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அது உதவும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் எழுத்தாளரோடு கதைப்பதென்றால், அழைப்பின் ஒலியை நம்பாமல் இரு பக்கத்திலும் அவரவர் கைத்தொலைபேசியில் தத்தம் குரலைப் பதிவு செய்து, பின்னர் இரண்டையும் பொருத்துங்கள்.

காவற்கொட்டில் (ஒட்டுசுட்டான்) எழுதிய மறுமொழி:

நான் கமக்காரன். வானொலியைக் கேட்கிறவனின் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். 1996இல் கொழும்பு தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோது வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. அதனால் தமிழோசை எங்களுக்கு இரவு 9.15க்கும் வவுனியாவில் இருந்தவர்களுக்கு 9.45க்கும் வந்தது. மிதி சுற்றுகிறவரின் கால் தளர்ந்தால் குரலும் தளரும். அப்படி உழைத்துக் கேட்டவர்களுக்கு எந்தப் பேச்சு கேட்கத் தகுந்தது, எது தகாதது என்பது நன்றாகத் தெரியும். செய்திக்காகத்தான் சுற்றினோம் என்பது உண்மை. ஆனால் செய்தி முடிந்த பிறகும், ஒரு மருத்துவரோ ஓர் எழுத்தாளரோ சுவையாகக் கதைத்தால், இன்னொருவர் வந்து மிதியை வாங்கிக்கொள்வார்.

தங்கச்சி, உங்கள் அம்மா பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தியதற்குத் தாள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. "கபிலநிறத் தத்தி" என்பது திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தில் உள்ள பெயர். எங்கள் பக்கத்தில் வயலில் நிற்கிறவன் "அறக்கொட்டி" என்றுதான் சொல்வான். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், தன் வயலைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விடும். விருந்தினர் கலைச்சொல்லைச் சொன்னதும் நீங்கள் இடைமறித்து ஊர்ச்சொல்லைக் கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது.

அறிந்தவர் சொல்வதை மக்கள் காதால் கேட்டு வயலில் செய்வார்களா என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், 1960களில் தஞ்சாவூரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லினத்தைப் பற்றி அகில இந்திய வானொலியில் கேட்டு விதைத்த கமக்காரர்கள், அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்கு வானொலியின் பெயர் ஏற வேண்டுமானால் அந்தக் குரல்கள் எவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆகையால் விவசாய நிகழ்ச்சி என்றால் போதனாசிரியரோடு ஒரு கமக்காரரையும் அமர்த்துங்கள். தன் வயலில் பட்டதை வைத்து அவர் கேட்கும் கேள்வி உங்களுக்கும் எனக்கும் தோன்றாது. அடுத்து, நேரம். காலபோக அறுவடை நெருங்கும்போது இரவு 8 மணிக்கு எங்களில் பலர் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கிறோம். கொட்டிலில் இணையத் தொடர்பு விட்டு விட்டு வரும். நிகழ்ச்சியைச் சிறிய கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், ஊரில் இறக்கிக்கொண்டு போய்ச் சாமத்தில் கேட்போம்.

முள்ளியவளைக்காரி எழுதிய மறுமொழி:

நான் எழுதுகிறவள். 2009 பற்றிய கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்கிறேன்.

என் தொகுப்பில் பதினொரு கதைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு போரைப் பற்றியவை. மற்ற ஏழும் மாடு, காடு, கிணறு, சீதனம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற பெண்கள் என்று வேறு வேறு விடயங்களைப் பற்றியவை. இதுவரை என்னை நேர்கண்ட எவரும் அந்த ஏழு கதைகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. "எத்தனை பேரை இழந்தீர்கள்?" என்பதுதான் பலருக்கும் முதற்கேள்வி. நான் சொல்வேன், அவர்கள் சற்று நேரம் அமைதியாக இருப்பார்கள், பிறகு நேரம் முடிந்துவிடும். வெளியே வரும்போது, என் எழுத்து அந்த அறைக்குள் வரவே இல்லை என்று தோன்றும்.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் அதை எழுதியிருக்கிறேன் என்றால் அதைப் பற்றிக் கதைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையைக் கேட்பதற்குப் பதிலாக என் கதையைக் கேளுங்கள். கதையில் நான் எழுதியதும் எழுதாமல் விட்டதும் நானே தீர்மானித்தவை. அங்கிருந்து என் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதை நானே உங்களுக்குக் காட்டுவேன். அமெரிக்க வானொலியில் பல்லாண்டுகளாக நேர்காணல் செய்துவரும் ரெறி குரோஸ், கேள்வி மிகவும் தனிப்பட்டதாகத் தோன்றினால் தயங்காமல் சொல்லலாம், வேறு பக்கம் போய்விடுவோம் என்று விருந்தினரிடம் பதிவுக்கு முன்பே சொல்லிவிடுவார். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எங்களில் ஒருவருக்கும் இதுவரை எவரும் அந்த அரை நிமிடத்தைத் தந்ததில்லை. பதிவுக்குப் பிறகு, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, ஒரு பகுதியை எடுத்துவிடும்படி கேட்கும் உரிமையையும் கொடுங்கள். கேட்டால் ஏன் என்று விசாரிக்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளிலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இரவு 8 மணிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு, என்ன வரப்போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். கேட்பதா, நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

வைத்தியசாலை விடுதி (வவுனியா) எழுதிய மறுமொழி:

விருந்தினராகப் போகிறவர்களின் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. நான் மருத்துவர்.

நாங்கள் தாளைப் பிடித்துக்கொள்வது பழக்கத்தால் மட்டும் அன்று, அச்சத்தாலும்தான். ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் வடமத்திய மாகாணத்திலும் காணப்படும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிக் கதைக்கும்படி என்னை ஒருமுறை அழைத்தார்கள். 1990களிலிருந்து அறியப்பட்டுவரும் இந்த நோய்க்குக் குடிநீரில் உள்ள புளோரைட்டு, நீரின் வன்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன. இதுதான் காரணம் என்று ஒன்றை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் நிகழ்ச்சியை வெட்டித் தொகுத்தவர் "இருக்கலாம்" என்ற என் சொற்களை நேரம் கருதி நீக்கிவிட்டார். மறுவாரம் விடுதியில் ஒரு நோயாளி, தண்ணீர்தான் காரணம் என்று நீங்களே சொன்னீர்களே, மருந்து எதற்கு என்று கேட்டார். அன்று முதல் தாள் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

ஆகையால், நல்ல விடை முதல் தடவையில்தான் வரும் என்ற ஒலிவாங்கி ஐயாவின் கருத்தை எழுத்தாளர்களுக்கு ஏற்றுக்கொள்கிறேன்; மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எங்களுக்குக் கேள்விகளை அனுப்பாவிட்டாலும், எந்த எந்தப் பகுதிகளைத் தொடப் போகிறீர்கள் என்பதையாவது ஒரு வாரத்துக்கு முன்பு அனுப்புங்கள். நூல்களைப் பார்த்து, ஐயமானவற்றைச் சரிபார்த்துக்கொண்டு வருவோம். "இருக்கலாம்", "இன்னும் தெரியாது", "சிலருக்கு மட்டும்" என்ற சொற்களை எவ்வளவு நேரம் போதாவிட்டாலும் வெட்டாதீர்கள். பிழை போய்விட்டால், அடுத்த வாரம் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லித் திருத்துங்கள். இறுதியில் முணுமுணுத்துவிட்டுப் போக வேண்டாம்.

நேரடித் தொலைபேசி அழைப்புகளை மருத்துவ நிகழ்ச்சியில் எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தன் தாயின் நோய்க்குறிகளைச் சொல்லி எந்த மருந்து கொடுப்பது என்று ஒருவர் கேட்டால், பார்க்காத நோயாளிக்கு விடை சொல்லவும் முடியாது. சொல்லாமல் விட்டால் கேட்டவர் மனம் நோகும். கொத்மலை சமூக வானொலியில் 1990களின் இறுதியில் ஒரு நல்ல முறை இருந்தது. நேயர்கள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள்; நிலையத்தார் இணையத்தில் தேடி எடுத்து, அந்தத் துறை தெரிந்த ஒரு மருத்துவரையோ சட்டத்தரணியையோ அருகில் வைத்துக்கொண்டு நேயர்களுக்கு விளக்குவார்கள். இணையம் எவர் வீட்டிலும் இல்லாத காலம் அது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கவும், ஆயத்தப்படவும் நேரம் கிடைக்கும் அந்த வழி உங்களுக்கும் பொருந்தும்.

ஒலிவாங்கி (வவுனியா) மீண்டும் எழுதியது:

டொக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் கலை, இலக்கிய நிகழ்ச்சிகளை மனத்தில் வைத்தே எழுதினேன்.

கேள்விகளை எழுதி வாங்குவதற்கு உங்களிடம் வாசிகசாலை இருக்கிறதே, தங்கச்சி. கனடாவில் 1941 முதல் 1965 வரை கமக்காரர்களுக்கான வானொலி மன்றங்கள் இயங்கின. அயலவர்கள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, தங்களுக்குள் விவாதித்து, தாங்கள் கண்ட முடிவுகளை எழுதி அனுப்புவார்கள். அவை பின்னர் வானொலியிலேயே சொல்லப்படும். 1956இல் பூனாவைச் சுற்றிய ஏறத்தாழ 150 கிராமங்களில் அகில இந்திய வானொலியும் அதைப் பின்பற்றிப் பார்த்தது. சனிக்கிழமை இரவு வாசிகசாலைத் திண்ணையில் பத்துப் பேரை அமர்த்தி ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் நிகழ்ச்சியைப் போடுங்கள். நீங்களும் ஓரமாக அமர்ந்து, எந்த இடத்தில் அவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்குகிறார்கள், எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா சொன்ன பன்னிரண்டாவது நிமிடம் போல, வேறு எந்த ஆய்வும் அதைச் சொல்லித் தராது.

குளக்கட்டு வாசகி (கிளிநொச்சி) மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

போதனாசிரியரிடம் போய், அந்த நிகழ்ச்சியை மீண்டும் செய்யலாமா என்று கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை. தனக்கும் அது திருப்தியாக இல்லை என்றார். இந்த முறை வாசிகசாலையில் பதிவு செய்யாமல் ஒரு கமக்கார ஐயாவின் வயலுக்கே போனோம். காற்று குறைந்த விடியற்காலை. காவற்கொட்டில் அண்ணன் சொன்னபடி அந்த ஐயாவையும் உரையாடலில் சேர்த்துக்கொண்டேன். கேட்பவருக்குக் கண் இல்லை என்று நினைத்து, கையில் பிடித்திருப்பதை வருணிக்கும்படி போதனாசிரியரிடம் கேட்டேன். "இப்போது நான் பயிரை விலக்குகிறேன். தண்ணீருக்கு நான்கு விரல் மேலே பாருங்கள். எள்ளைத் தூவியது போல இருக்கிறது, இல்லையா?" என்றார். கமக்கார ஐயா உடனே, "நான் போன கிழமை மேலிருந்துதானே மருந்து அடித்தேன், இதுகள் ஏன் சாகவில்லை?" என்று கேட்டார். மேலே அடித்த மருந்து அடித்தண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை என்றும், இலையில் இருந்து தத்தியைத் தின்னும் சிலந்திகளைத்தான் அது கொன்றிருக்கும் என்றும், யூரியாவை அளவுக்கு மேல் போட்டு நெருக்கமாக விதைத்த வயலில் இது இன்னும் கூடும் என்றும் போதனாசிரியர் சொன்னார். அந்த ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் ஐந்து வரை எண்ணினேன். "அப்படியென்றால் நான் காசு கொடுத்துச் சிலந்தியைக் கொன்றிருக்கிறேன்" என்றார். அந்த இடத்தை வெட்டவில்லை. ஒன்பது பக்கத் தாள் போதனாசிரியரின் சட்டைப் பையிலேயே இருந்தது.

திண்ணையில் பதினான்கு பேர் கேட்டார்கள். சிலந்தியைப் பற்றிய இடத்தில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்த ஆறு நிமிடங்களை எவரும் கேட்கவில்லை. அடுத்த முறை அப்படியான இடத்தை நிகழ்ச்சியின் இறுதிக்கு நகர்த்த வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அம்மா முழுவதும் கேட்டார்.

எழுத்தாளருடைய தொகுப்பை இப்போது முழுமையாக வாசித்துவிட்டேன். ஒரு கதையில் மட்டும் எட்டு இடங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன். முள்ளியவளை அக்கா சொன்ன அந்த அரை நிமிடத்தைத் தொலைபேசியிலேயே அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்தக் கதையை வாசித்தீர்கள் என்று கேட்டார். பதிவுக்கு முன்பு விடயத்தைக் கதைக்க வேண்டாம் என்று ஒலிவாங்கி ஐயா சொல்லியிருந்ததால், நேரில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வருகிறார்.

அதற்கடுத்த வாரத்துக்கு, முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தை ஆடிப் பழக்கும் ஓர் அண்ணாவியாரைக் கேட்டிருக்கிறேன். அவர் கதைக்கும்போது இடையிடையே பாடியும் காட்டுவார் என்கிறார்கள். கதைக்கும் குரலுக்கு வைத்த அளவில் பாட்டை எடுத்தால் ஒலி கிழிந்துவிடுகிறது. ஒலிவாங்கி ஐயா, இதற்கு ஒலிவாங்கியைத் தள்ளி வைப்பதா, பதிவின் அளவைக் குறைப்பதா?

ஒலிவாங்கி (வவுனியா) எழுதியது:

பாட்டின் உச்ச இடத்தை முதலில் ஒருமுறை பாடச் சொல்லி, அதற்கேற்ப அளவைக் குறைத்து வையுங்கள். கதை மெல்லியதாகப் பதிந்தாலும் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். கிழிந்த பாட்டைத் தைக்க முடியாது. மத்தளம் வந்தால் அதை அறையின் மறுமூலையில் அமர்த்துங்கள்.